பலெர்மோவில் மாட்டுப்பட்ட மைத்துனன்

ரொறன்ரோவில் எங்கள் ஆட்களின் எந்தக் கொண்டாட்டத்துக்கும் இரண்டு பேர் தேவை. ஒருவரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும், இன்னொருவரை நினைத்துப் பரிதாபப்பட வேண்டும். பொறாமைக்கு, பிக்கரிங்கில் புதுவீடு வாங்கியவர் யாராவது எப்போதும் கைவசம் இருப்பார். பரிதாபத்துக்கு நெடுங்காலமாக என் மனைவியின் தம்பிதான். அவன் சிசிலித் தீவில், பலெர்மோ என்ற துறைமுக நகரத்தில் இருக்கிறான். தொண்ணூறுகளில் கனடாவுக்கென்று கூட்டிவந்த ஏஜென்ற் அவனை அங்கே இறக்கிவிட்டுக் காணாமல் போனான். கூட வந்தவர்கள் எப்படியோ லண்டனுக்கும் கனடாவுக்கும் பாய்ந்துவிட்டார்கள். இவன் பாயவில்லை. அங்கேயே நின்று, வயதான ஒரு சீமாட்டியின் வீட்டில் சமைத்து, துப்புரவு செய்து, கலியாணமும் கட்டாமல் ஐம்பதைத் தாண்டிவிட்டான்.

"தம்பி இன்னும் இத்தாலியிலயோ?" என்று பிறந்தநாள் வீடுகளில் பிக்கரிங் அன்ரி ஒருவர் தவறாமல் கேட்பார். "ஓம் அன்ரி, அங்கதான் மாட்டுப்பட்டுப் போனான்" என்பாள் என் மனைவி. "பாவம்" என்று சொல்லிவிட்டு அன்ரி மட்டன் ரோல்ஸில் கையை வைப்பார். வெளியே எங்கள் கார்கள் பனிக்குள் புதைந்து கிடக்கும். மத்தியதரைக் கடற்கரையில் வெயில் காய்கிற ஒருவனுக்காக, நாங்கள் எல்லாரும் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு நின்று இரக்கப்படுவோம்.

மனைவி இரக்கத்தோடு நிற்கவில்லை. பிள்ளைகள் வேலைக்கென்று வீட்டைவிட்டுப் போனதும், மில்லிக்கனில் இருக்கும் எங்கள் வீட்டின் பேஸ்மென்ட்டைத் திருத்தத் தொடங்கினாள். தம்பிக்கென்று ஒரு அறை, ஒரு குளியலறை, அவன் சமைக்கச் சின்ன அடுப்பு. நகரசபையிடம் பெர்மிட் எடுக்கவில்லை என்பதை இங்கே சத்தமில்லாமல் சொல்லி வைக்கிறேன். கேட்டரிங் செய்கிற ஒருவர் அவனுக்கு வேலையும் விசாவுக்கு வேண்டிய கடிதமும் கொடுப்பதாக ஒத்துக்கொண்டார். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, அவனிடம் கேட்டு ஓம் சொல்ல வைப்பது. ஃபோனில் அந்தக் கதையை எடுத்தால் அவன் உடனே அடுப்பில் ஏதோ கருகுகிறது என்பான். அதனால் நேரில் போய்க் கேட்பது என்று முடிவானது. கேட்டால் அவன் மாட்டேன் என்று சொல்லமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து அக்காவின் சொல்லை அவன் தட்டியதில்லை.

எனக்குப் பிரயாணம் பிடிக்காது. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பார்க்க வேண்டிய இயற்கைக் காட்சிகளை எல்லாம் 401 நெடுஞ்சாலை வாகன நெரிசலில் நின்று பார்த்து முடித்துவிட்டேன் என்பது என் கட்சி. ஆனாலும் போவதென்று ஆனபின், சிசிலியைப் பற்றி ஃபோனில் கிடைத்ததையெல்லாம் வாசித்து மனப்பாடம் செய்துகொண்டேன். கிரேக்கர், ரோமர், அரபியர், நோர்மானியர் என்று அந்தத் தீவை ஆண்டவர்களின் வரிசை எனக்கு அத்துப்படி.

எங்கள் பெட்டியில் உடுப்பு குறைவு. யாழ்ப்பாணத்துக் கறித்தூள், அரிசிமா, ஒடியல், ஊறுகாய், இவை எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு ரைஸ் குக்கர். பலெர்மோவில் சோறு கிடைக்காது என்று யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, ஆனால் நாங்கள் அதை உறுதியாக நம்பினோம். மைத்துனன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, கட்டடத்துக்குக் கீழேயே தமிழ்க்கடை ஒன்று இருப்பதைப் பணிவாகச் சொன்னான். எங்கள் கறித்தூளின் அதே பக்கெற்தான் அங்கேயும், விலையும் மலிவு என்றான்.

அவன் வீடு, பழைய சந்தைக்குப் பக்கத்தில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாம் மாடி. ஒரு அறை, ஒரு குசினி, கொடியில் துணி காயும் ஒரு பல்கனி. மனைவி படியேறி முடித்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் பேஸ்மென்ட்டின் சதுர அடி முழுவதும் இருந்தது. அன்று பின்னேரம் சோறு போடும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். மெஷினோடு சீவித்தவன் அல்லவா. கனடாவில் கரண்ட் நூற்றிருபது வோல்ட், ஐரோப்பாவில் அதைப்போல் இரண்டு மடங்கு என்பது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. சிசிலியை ஆண்ட நோர்மானியரை நினைத்துக்கொண்டே ரைஸ் குக்கரைச் செருகினேன். ஒரு சத்தம், ஒரு புகை. பிறகு அவன் வீட்டோடு சேர்த்து முழுக் கட்டடமும் இருட்டாகிவிட்டது.

நான் சண்டைக்கு ஆயத்தமானேன். மில்லிக்கனில் இப்படி ஒன்று நடந்தால் முதலில் வருவது முறைப்பாடு. இங்கே படிக்கட்டில் மெழுகுதிரிகள் ஏறி வந்தன. கீழ்மாடிக் கிழவர் ஒருவர் மீற்றர் பெட்டியை நோண்டிக்கொண்டே உரத்துத் திட்டினார். யாரைத் திட்டுகிறார் என்று கேட்டேன், உங்களைத்தான் அத்தான் என்றான் மைத்துனன். இரண்டாம் மாடியிலிருந்து ஒரு பருத்த அம்மா, சாப்பிடாமல் இருக்கிறார்கள் என்று தானாகவே முடிவெடுத்து, மத்தி மீனும் பெருஞ்சீரகத் தழையும் போட்ட பாஸ்ராவை ஒரு தட்டம் நிறையக் கொண்டுவந்தார். வந்தவர் தலை நரைத்த என் மைத்துனனின் கன்னத்தைக் கிள்ளினார், அவனும் காட்டிக்கொண்டு நின்றான். மெழுகுதிரி வெளிச்சத்தில் எல்லாரும் எங்களைச் சுற்றி நின்று நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்தார்கள். ருசியாகத்தான் இருந்தது, ஆனால் உறைப்புக் காணாது என்று நானும் மனைவியும் தமிழில் பேசிக்கொண்டோம்.

அன்றைக்கே அவள் கேட்டிருப்பாள். ஆனால் அடுத்தநாள் காலையிலேயே மைத்துனன் இரவல் கார் ஒன்றோடு வந்து நின்றான். அந்தச் சீமாட்டியின் மகனுடைய கார், நாங்கள் நிற்கிற நாட்களுக்கு லீவும் அவரே கொடுத்தாராம். "அத்தான், நீங்கள் முன்னுக்கு இருங்கோ" என்றான். மரியாதை என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தி ஏறினேன். அக்காவைப் பின்னுக்கு ஏற்றி, இரண்டு கண்ணாடியையும் இறக்கி, காற்றின் இரைச்சலில் அவள் சொல்வது எதுவும் கேளாதபடி அவன் செய்தது மரியாதையில்லை என்பது செஃபலூ போய்ச் சேரும் மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

செஃபலூ, கடலுக்கும் ஒரு பெரிய பாறைக்கும் இடையில் நெருக்கிக் கட்டின ஊர். இரட்டைக் கோபுரம் வைத்த தேவாலயம், மணல் நிறத்தில் வீடுகள், வாசல்வரைக்கும் வந்து போகிற நீலக் கடல். அது அழகு என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். நோர்மானியர் கதையை எடுத்துவிடலாம் என்று, தேவாலயம் எந்தக் காலத்தது என்று மைத்துனனிடம் கேட்டேன்.

"சரியான பழசு அத்தான்."

"எவ்வளவு பழசு?"

"நல்ல பழசு."

தொடர்ந்து வந்த நாட்களில் அந்தத் தீவைப் பற்றி எனக்குக் கிடைத்த விளக்கம் இவ்வளவுதான். காரை எங்கே விடுவது என்று மூன்று பேரிடம் வழி கேட்டான். கடலைக் கண்டதும் எங்களுக்கு முன்னால் ஓடிப்போய்ப் படம் எடுத்தவனும் அவன்தான். ஆற்று நீர் ஓடுகிற பழைய கல் தொட்டிகளில், முற்காலத்தில் பெண்கள் துணி துவைத்த இடத்தில், மனைவி காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "தம்பி, இதில கொஞ்சம் இரு, ஒரு கதை" என்றாள். அவன் உடனே, பாறைக்கு மேலே ஏதோ கோயில் தெரிகிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஏறிப்போய்விட்டான். சரியான பழசு என்று திரும்பிவந்து சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் கார் எடுக்கவில்லை. பலெர்மோவுக்கு மேலே ஒரு மலை இருக்கிறது. மலையில் ஒரு குகை, குகைக்குள் அந்த நகரத்தைக் காக்கும் புனிதை. ஞாயிறுகளில் எங்கள் தமிழாட்கள் அந்த மலைக்கு வெறுங்காலோடு ஏறுகிறார்கள். வேதக்காரர்தான் என்றில்லை, திருநீறு பூசிய சைவக்காரரும் ஏறுகிறார்கள். எல்லாரும் அவரை அம்மா என்றுதான் சொல்கிறார்கள். மைத்துனனும் அந்தக் கூட்டத்தோடு கிளம்பினான். முழங்கால் காரணமாக மனைவியும், மனைவி காரணமாக நானும் பஸ்ஸில் போனோம்.

குகையின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. சனங்களின் தலையில் விழாமல் அதைப் பிடிக்கத் தகரப் பீலிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பொருத்தியிருக்கிறார்கள். அந்தப் பிளம்பிங் வேலையை நான் மெச்சிக்கொண்டு நின்ற நேரத்தில் மனைவி கண்ணை மூடி நெடுநேரம் நின்றாள். கொஞ்சம் தள்ளி, கால் முழுக்கப் புழுதியோடு மைத்துனனும் கண்ணை மூடி நின்றான். வெளியே வந்ததும் அவள் என் காதோடு சொன்னாள். தம்பி கனடாவுக்கு வர ஓம் சொன்னால், இந்த மலையை வெறுங்காலோடு ஏறுவதாக அம்மாவுக்கு நேர்ந்திருக்கிறாளாம். உம்முடைய முழங்காலுக்கு மில்லிக்கன் வீட்டுப் படியே ஏறக்கூடாது என்று டொக்டர் சொன்னது மறந்துபோச்சோ என்று கேட்டேன். அது அம்மாவின் பாடு என்றாள்.

பிறகு வந்த நாட்களில் ஒரு மனிதனால் தன் அக்காவிடமிருந்து எவ்வளவு தூரம் ஓட முடியுமோ அவ்வளவு தூரம் ஓடினோம். ஓடின வழியெல்லாம் எனக்குக் காட்சியாகக் கிடைத்தது. கோதுமை வயல்களுக்கு நடுவே செஜெஸ்தாவில் ஒரு கிரேக்கக் கோயில், தூண்கள் எல்லாம் நிற்கின்றன, கூரை மட்டும் இல்லை. இடிந்துபோகவில்லை, தொடக்கத்திலிருந்தே போடவில்லை என்று நான் வாசித்ததைச் சொன்னேன். பெர்மிட் கிடைத்திராது என்றாள் மனைவி. காவல்காரன் உள்ளே சாப்பிடக்கூடாது என்றதால், பார்சல் கட்டிக்கொண்டு போன புட்டையும் சம்பலையும் காரின் டிக்கியைத் திறந்து வைத்து, கிரேக்கரைப் பார்த்தபடி நின்று சாப்பிட்டோம். த்ராப்பனியில் உப்பளங்கள். காற்றாலைகளுக்குப் பக்கத்தில் குவித்த உப்பு, பின்னேர வெயிலில் இளஞ்சிவப்பாக மாறுகிற பாத்திகள். அக்கா வாயைத் திறந்தாள். "அக்கா, அங்க பாருங்கோ, ஆனையிறவு மாதிரி" என்றான். உப்பளத்தைக் கண்ட எந்த யாழ்ப்பாணத்தானும் சொல்லாமல் விடாத வசனம் அது, ஆனால் அவன் சொன்னது வாயை அடைக்க. ஆனையிறவைப் பார்க்க இவ்வளவு தூரம் வரவேண்டுமா என்று அவள் கோபமாகப் போய்க் காரில் ஏறிவிட்டாள்.

அந்த உப்பளத்தில்தான் நான் அவனைத் தனியே பிடித்து, இதற்கு முன் இங்கே எத்தனை தரம் வந்திருக்கிறாய் என்று கேட்டேன். ஒருநாளும் இல்லை என்றான். செஜெஸ்தாவும் முதல் தரம், செஃபலூவும் முதல் தரம். அவனுக்கு லீவு ஞாயிறு அரைநாள்தான், அந்த அரைநாள் மலைக்குப் போய்விடும். இத்தனை வருடமாக அந்தத் தீவில் இருந்தும் அதைப் பார்க்காதவன், அக்காவின் ஒரு கேள்விக்குப் பயந்து ஒரே கிழமையில் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. எரிச்சலுக்குக் காரணம், அந்தக் காரின் முன் இருக்கையில் என் முழங்கால்கள் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்ததுதான்.

கடைசியில் எட்னா. அது புகைந்துகொண்டிருக்கும் எரிமலை, தீவின் மறுகரையில் இருக்கிறது. விடியப் புறப்பட்டு, பாப்பிப் பூ சிவந்து கிடந்த வயல்களையும் மலையுச்சிகளில் ஏறி உட்கார்ந்துவிட்ட ஊர்களையும் கடந்து போனோம். கேபிள் காரில் மேலே போய் இறங்கினால் எல்லாம் கறுப்பு. மண் கறுப்பு, கல் கறுப்பு, தூரத்தில் மிஞ்சியிருந்த பனியில்கூடக் கறுப்புத் தூசி. மேலே உச்சியிலிருந்து வெள்ளைப் புகை. காற்று ஆளைத் தள்ளியது. இதைவிட நயாகரா பெரிது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் சொல்ல வரவில்லை. பயமாக இருந்தது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை. எங்கள் காலுக்குக் கீழே நெருப்பு இருப்பதை நான் உண்மையாகவே உணர்ந்தேன்.

மனைவி ஒரு கல்லில் உட்கார்ந்து "தம்பி" என்றாள். அவன் கையை நீட்டி, "அக்கா, அந்தப் பக்கம் கடல் தெரியுது, பாருங்கோ" என்றான். என் சப்பாத்துக்குள் எரிமலைச் சாம்பல் நிறைந்திருந்தது, பசி வேறு. எனக்குப் பொறுமை அற்றுப்போனது.

"இஞ்ச பார் மச்சான், உன்ர அக்கா உப்பளம் பாக்கவும் வரேல்ல, நெருப்புமலை பாக்கவும் வரேல்ல. உன்னட்ட ஒண்டு கேக்க வந்தவ. நீ கேக்க விடுறாயில்லை."

அவன் கையை மெல்ல இறக்கினான். பிறகு அக்காவுக்கு முன்னால் அந்தக் கறுத்த மண்ணிலேயே குந்தினான்.

"நீங்கள் டிக்கெற் போட்ட அண்டே எனக்குத் தெரியும் அக்கா, என்ன கேக்கப் போறியள் எண்டு. நீங்கள் கேட்டா என்னால மாட்டன் எண்டு சொல்லேலாது. வெளிக்கிட்டு வந்திடுவன். அதுதான் நீங்கள் கேக்கக்கூடாதெண்டு அம்மாட்ட நேர்ந்தனான்."

ஒரே ஞாயிறு, ஒரே குகை, ஒரே அம்மா. அக்காவும் தம்பியும் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு நேர்த்திகளை வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். அந்தப் புனிதையின் நிலைமையை நினைத்துப் பார்த்தேன். மனைவி ஏன் என்று மட்டும் கேட்டாள்.

"அங்க வந்தா நான் பாவம், அக்கா. பேஸ்மென்ட்டில இருக்கிற தம்பி, பாவம். இஞ்ச என்னை ஒருத்தரும் பாவம் எண்டு சொல்லுறேல்ல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் அவள் வாயிலிருந்து வந்தால் போதும், அவன் பெட்டி கட்டிவிடுவான். வருடக்கணக்காக அவள் ஆசைப்பட்டது ஒரு சொல் தூரத்தில் குந்திக்கொண்டிருந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

"இந்தக் குளிருக்குள்ள தலைக்கு ஒண்டும் போடாமல் நிக்கிறாய். தொப்பி கொண்டுவரேல்லையே?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டுத் தன் சால்வையை எடுத்து அவன் தலையைச் சுற்றிக் காதுகளை மூடி, நாடிக்குக் கீழே முடிச்சுப் போட்டாள். ஐம்பது கடந்த மனிதன் சால்வை கட்டிய தலையோடு எரிமலையில் குந்திக்கொண்டு அழுதான். ஒரு ஜெர்மன் தம்பதி எங்களைப் படம் எடுத்தார்கள். திரும்பி வரும்போது அவனே சொல்லி அக்காவை முன்னால் ஏற்றினான். நான் பின்னால் மடிந்து கிடந்தேன். வழிநெடுக இருவரும் ஊர்ப்புதினம் கதைத்தார்கள், ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை.

புறப்படுகிற நாள் காலையில் மனைவி மலைக்குப் போகவேண்டும் என்றாள். பஸ்ஸில் இல்லை, நடந்து. அடிவாரத்தில் சப்பாத்தைக் கழற்றி என் கையில் தந்தாள். உம்முடைய நேர்த்தி பலிக்கவில்லையே, பிறகு எதற்கு ஏறுகிறீர் என்று கேட்டேன். "அவன்ர பலிச்சிட்டுதே" என்றாள். நானும் என் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். நான் கழற்றவில்லை. எனக்குச் சர்க்கரை வியாதி, காலில் காயம் வந்தால் ஆறாது. ஒவ்வொரு வளைவிலும் அவள் நின்று முழங்காலைத் தடவினாள், தம்பி கையைக் கொடுத்தான். கீழே பலெர்மோவும் அதன் குடாவும் காலை வெயிலில் பளிச்சென்று கிடந்தன. இந்தப் பாதை எந்தக் காலத்தில் போட்டது என்று நானே வலியக் கேட்டேன். அக்காவும் தம்பியும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்.

ரொறன்ரோ திரும்பிய பிறகு பேஸ்மென்ட் பூட்டியபடியே கிடந்தது. மார்கழியில் ஒரு பிறந்தநாள் வீடு. வழக்கம்போலப் பனி, வாசல் நிறையப் பூட்ஸ். பிக்கரிங் அன்ரி ரோல்ஸ் தட்டோடு வந்து, இத்தாலிக்குப் போய் வந்தீர்களாமே, தம்பி இன்னும் அங்கேதானா, பாவம் என்றார். என் மனைவி இந்தமுறை ஓம் சொல்லவில்லை.

"ஏன் அன்ரி பாவம்? அங்க கரண்ட் போச்சுதெண்டா நாலு மாடிச் சனமும் மெழுகுதிரியும் சாப்பாடுமா ஏறி வரும்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எங்கட வீட்டில போனா ஆர் வருவினம்?"

தம்பியிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் வந்தவள், என்னிடம் இதை நாலு பேருக்கு முன்னால் கேட்டாள். சொல்வதற்கு ஒரு பெயரைத் தேடினேன். இருபது வருடமாக எங்கள் வலப்பக்கத்து வீட்டில் ஒருவர் இருக்கிறார். அவருடைய கார் சாம்பல் நிறம். பெயர் எனக்குத் தெரியாது.